உழவுக்கு வருவோர் கற்க வேண்டியவை

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தார் கூடியிருந்தபொழுது, பொறியியல் இறுதியாண்டில் பயிலும் நண்பர் ஒருவர், "படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய் உழவு செய்யலாமென்று இருக்கிறேன். அதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர் பலரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கேள்வி ஓராண்டுக் காலமாக என் நெஞ்சிலும் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

என் தந்தையார் ரயில்வே வேலையாக வடநாட்டுக்கு வந்தவர். நான் ஜபல்பூரில் வளர்ந்து, இப்பொழுது காசியில் இரசாயனத்தில் எம். எஸ்ஸி. பயில்கிறேன். திண்டிவனத்துக்கு அருகே எங்கள் தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் உண்டு. அவருக்கு வயது எழுபத்தாறு. "நீ வரியா, இல்ல குத்தகைக்கு விட்டுடட்டுமா? அடுத்த தீபாவளிக்குள்ள சொல்லிடு" என்று கேட்டுவிட்டார். ஆதலால் இக்கட்டுரை நண்பருக்கு விடை கூறுவது போலத் தோன்றினாலும் பாதி எனக்காகவே எழுதப்படுகிறது. உழவைப் பற்றி எழுதப் புகுவோர் ஒரு குறட்பாவை மேற்கோள் காட்டித் தொடங்குவது வழக்கம். அதை விட்டுவிட்டு நேரே செய்திக்கு வருகிறேன்.

முதலில் ஒரு விந்தையைக் கூற வேண்டும். நம் நாட்டில் உழவு செய்ய எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. ஆனால் உழவருக்குப் பூச்சிமருந்து விற்கும் கடை வைப்பதற்கு உரிமம் வேண்டும். அவ்வுரிமம் பெற வேளாண்மையிலோ, இரசாயனம், தாவரவியல், விலங்கியல் போன்ற அறிவியல் பாடங்களிலோ பட்டம் வேண்டும், அல்லது வேளாண்மையில் ஓராண்டுப் பட்டயமாவது வேண்டும். நெற்பயிரில் எது புகையான், எது தத்துப்பூச்சி என்று அறியாத நான், இரசாயனப் பட்டம் ஒன்றைக் காட்டி நாளைக்கே அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்! பட்டமில்லாத பழைய வணிகர்களுக்கென்று ஐதராபாத்திலுள்ள 'மேனேஜ்' என்னும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003 முதல் ஓராண்டுப் பட்டயப் பயிற்சி ஒன்றை நடத்தி வருகிறது. நல்ல ஏற்பாடுதான்.

இன்னொரு வகைத் தகுதியும் உண்டு. மகாராஷ்டிரம், குஜராத், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உழவரல்லாதார் விளைநிலம் வாங்கச் சட்டம் தடை செய்கிறது. கர்நாடகத்திலும் 2020 வரை இத்தகைய தடை இருந்தது. தமிழ்நாட்டில் இத்தடை இல்லை. வெளிமாநிலங்களிலேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே எங்கேனும் நிலம் வாங்கலாமென்று எண்ணும் நம் அன்பர்கள் இதை மறக்கலாகாது. ஊரிலே நிலமுள்ளவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைப் படிப்பதே. அடங்கலில் யார் பெயரில் என்ன பயிர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே வங்கிக் கடனும் பயிர்க் காப்பீடும் அமைகின்றன. வாய்மொழிக் குத்தகையில் உழுபவனுக்கு ஏட்டில் பெயர் இல்லை. பெயரில்லாதவனுக்கு நிவாரணம் கிடைப்பது அரிது. எங்கள் நிலம் இன்னும் தாத்தாவின் தந்தையார் பெயரிலேயே இருக்கிறது என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

இனிப் பட்டப்படிப்பு. சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளியே பின்னர்க் கோயம்புத்தூருக்குச் சென்று கல்லூரியாகி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. பீகாரிலுள்ள பூசாவில் 1905-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்று, 1936-இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. பூசா என்னும் ஊர்ப்பெயரும் அதனோடு கூடவே டில்லிக்கு வந்துவிட்டது. காசியில் 1931-லேயே வேளாண் ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் அமைந்தது. அமெரிக்க நாட்டு முறையைத் தழுவிய முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த்நகரில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் வேளாண்மையில் இளம் அறிவியல் பட்டம் நான்காண்டுப் படிப்பு. மண்ணியல், உழவியல், பூச்சியியல், பயிர்நோயியல், மரபியல், பொருளாதாரம் என யாவும் சிறிது சிறிதாக அதில் அடங்கும். இறுதியாண்டில் மாணவர் கிராமத்தில் தங்கி உழவரோடு பழகும் பயிற்சியும் உண்டு.

இப்பட்டம் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பெரும்பாலும் அலுவலரையும் ஆராய்ச்சியாளரையும் உருவாக்க ஏற்பட்ட பட்டம். என்னோடு விடுதியில் தங்கியிருக்கும் வேளாண் மாணவர்களில் பெரும்பாலோர் வங்கியில் வேளாண் அலுவலர் தேர்வுக்குப் படிக்கின்றனர். அவர்களைக் குறை கூறவில்லை. வீட்டு நிலைமை அப்படி. நான் சொல்ல வருவது இதுவே: பள்ளியிறுதியில் இருக்கும் தம்பி தங்கைகள் உழவில் நாட்டமுடையவராயின் இப்பட்டத்துக்கு முயலட்டும். ஏற்கெனவே ஓர் அறிவியல் பட்டம் பெற்றுவிட்ட நாம், உழவு செய்வதற்காக மீண்டும் நான்காண்டு உட்கார வேண்டியதில்லை. நமக்கு வேண்டுவன குறுகிய பயிற்சிகளும் நீண்ட பழக்கமும்.

குறுகிய பயிற்சி என்றவுடன் நினைவுக்கு வர வேண்டியது வேளாண் அறிவியல் நிலையம். இங்கே அதைக் 'கிருஷி விஞ்ஞான் கேந்திரம்' என்பர். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று எழுநூறுக்கு மேல் உள்ளன. ஏறத்தாழ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்று சொல்லலாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் நிலையம் மிர்சாப்பூர் மாவட்டத்துப் பர்கச்சாவில் தென்வளாகத்தில் இருக்கிறது. காசிக்கு அருகிலேயே இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தெற்காசிய மையமும் 2018 முதல் காசியில் இயங்குகிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விடுதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே நடந்தே காலத்தைக் கழிக்கிறோம்.

சென்ற பனிக்காலத்தில் நான் இத்தகைய நிலையமொன்றில் கிராம இளைஞருக்கான ஏழு நாள் பயிற்சிக்குச் சென்றேன். காய்கறி நாற்றங்கால் வளர்ப்பது பாடம். விரிவுரை குறைவு, கைவேலை மிகுதி. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவை எவ்வளவு அழுத்தி நிரப்புவது என்பதைச் சொல்லால் விளக்கவே முடியாது. பத்துத் தட்டு நிரப்பினால் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. உடன் பயின்றோர் அனைவரும் போஜ்புரி பேசும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். 'கியாரி' என்றால் பாத்தி, 'மேட்' என்றால் வரப்பு என்று அவர்களிடம் கற்றேன். கற்ற பிறகுதான் ஒன்று உறைத்தது: பாத்தி, வரப்பு, மடை, பட்டம், பதம் என்ற சொற்களை நான் தமிழில் கேட்டிருக்கிறேனே தவிர, எது எது என்று கைநீட்டிக் காட்ட எனக்குத் தெரியாது. வெளிமாநிலத்தில் வளர்ந்த நம் போன்றோர்க்கு இச்சொற்களைக் கற்பதும் ஒரு பயிற்சியே. தாத்தா "பதம் பாத்து ஓட்டு" என்று சொன்னால், மண் கையில் உருண்டையாகப் பிடிபட்டு, கீழே விட்டால் உதிர வேண்டும் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லில் ஈரப்பத அளவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அறிவியல் மாணவர் எளிதில் கற்கக்கூடியதும் உடனே பயன் தருவதுமான பயிற்சி மண் மாதிரி எடுத்தல். இதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணின் எடை சுமார் 900 டன். அதிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குச் செல்வது அரைக் கிலோ. கரிமச் சத்தை அளக்கப் பயன்படுவதோ ஏறத்தாழ ஒரு கிராம். அந்த ஒரு கிராம் 900 டன்னுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்! ஆகவே டைகுரோமேட்டை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், மாதிரி தவறானால் முடிவும் தவறே. வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், நீர் தேங்கிய இடம் ஆகியவற்றை விலக்க வேண்டும். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலேயுள்ள சருகை நீக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை எறிந்துவிட வேண்டும். பின்னர்க் குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிளாஸ்டிக் வாளியில் இடுக. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் இட்டால் துத்தநாகச் சத்து இல்லாத மண்ணிலும் இருப்பதாகக் காட்டிவிடும். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்கி, மீண்டும் கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கப்பட்டது. அந்த அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். இப்பன்னிரண்டையும் நான் மனப்பாடமாக எழுதுவதற்குக் காரணமுண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருப்பினும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபொழுது, சித்திரைப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஓர் ஏக்கரில் முப்பத்தெட்டாம் நாள் பயிராய் நின்றது. திண்ணையில் ஜிப்சம் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ, ஜிப்சம் இட்டு மண் அணைப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதுவே. நான் குறுக்கே நின்றேன். "மண்ணைச் சோதிக்காமல் எதையும் கொட்டக்கூடாது, தாத்தா. முடிவு வரட்டும்" என்றேன். பேரன் இரசாயனம் படித்தவன், தாத்தா பேசாமலிருந்துவிட்டார். மாதிரி எடுத்து அனுப்பி, முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேற்சொன்ன பன்னிரண்டும் இருந்தன. கடலைக்கு எதற்காக ஜிப்சம் இடுகிறோமோ அந்தச் சுண்ணாம்புச் சத்து மட்டும் அதில் இல்லை! பன்னிரண்டில் அது ஒன்றாக இல்லை என்பதை நான் முன்னரே பார்த்திருக்கலாம்.

இருந்தாலும் விடவில்லை. அறுபதாம் நாள் ஜிப்சத்தைத் தூவி, நானே களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கொத்தி அணைக்கத் தொடங்கினேன். அடுத்த வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா நிமிர்ந்து பார்த்து, "காய் எறங்குற நேரத்துல மண்ணக் கெளறக் கூடாது தம்பி" என்றார். நான் அதைப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றாக எண்ணி வேலையைத் தொடர்ந்தேன்.

நிலக்கடலை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ கருவுற்றபின் விழுது நீண்டு மண்ணில் இறங்கி, அதன் நுனியில் காய் பிடிக்கும். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீரோடு இலைக்கு ஏறிவிடுகிறது. அங்கிருந்து கீழிறங்கிக் காய்க்கு வருவதில்லை. ஆகவே காய் தனக்கு வேண்டிய சத்தைத் தன் ஓட்டின் வழியே சுற்றிலுமுள்ள மண்ணிலிருந்து நேரே பெற வேண்டும். கிடைக்காவிடில் ஓடு பருத்து உள்ளே பருப்பில்லாமற் பொக்காகும். சாதாரணச் சுண்ணாம்பைவிட ஜிப்சம் நீரில் நன்கு கரைவதால் அதையே இடுகிறோம். காய் பிடிக்குமுன் அது மேல்மண்ணில் கலந்திருக்க வேண்டும். அதன் பின்னர் மண்ணைக் கிளறினால் இறங்கிய விழுதுகள் அறுபடும். இவ்வளவும் எனக்குத் தெரியும்; முந்திய பருவத்தில் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆயா சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றே என்பது மட்டும் அன்று வயலில் நின்றபொழுது தெரியவில்லை. ஆவணியில் அறுவடையானபின் தாத்தா தொலைபேசியில், "போன தடவ இருபத்திரண்டு மூட்ட, இந்தத் தடவ பதினஞ்சு. பொக்கு கொஞ்சம் சாஸ்தி" என்றார். மூட்டை நாற்பது கிலோ. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் நண்பர் என்னைக் கேட்டால், எந்தச் சான்றிதழுக்கும் முன்னால் ஒரே பயிரை விதைப்பு முதல் அறுவடை வரை, ஒருநாளும் விடாமல், அதை அறிந்த ஒருவரின் கீழ்க் கூலியில்லா ஆளாக இருந்து செய்து பாருங்கள் என்பேன். நாட்குறிப்பு ஒன்றும் எழுதி வாருங்கள்.

இயந்திரப் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். டிராக்டர், களையெடுக்கும் கருவி, அறுவடை இயந்திரம் ஆகியவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் மத்திய அரசாங்கம் நடத்தும் பயிற்சி நிலையங்கள் நான்கு. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-இல் ஏற்பட்டதே மூத்தது. மற்றவை ஹரியானாவில் ஹிசார், ஆந்திரத்தில் அனந்தப்பூரை அடுத்த கார்லதின்னே, அசாமில் விசுவநாத் சாரியாலி ஆகிய ஊர்களில் உள்ளன. பொறியியல் நண்பருக்கு இது மிகவும் பொருந்தும்.

ஒரு தொழிலை மட்டும் ஆழ்ந்து கற்க விரும்புவோர்க்குத் தனி நிறுவனங்கள் உண்டு. காளானுக்குச் சோலன், பாலுக்குக் கர்னால், கோழிக்குப் பரேலியை அடுத்த இஜத்நகர், நன்னீர் மீனுக்குப் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்கை, தேனீக்குப் புனே. இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இயற்கை வேளாண்மை, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றில் அஞ்சல்வழிச் சான்றிதழ்ப் படிப்புகளை ஏற்படுத்தியிருக்கிறது. எம். எஸ்ஸி.யை விடாமலே இவற்றைப் படிக்கலாம்.

பயிற்சியென்ற பெயரில் வருவன எல்லாம் பயிற்சியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் வகுப்புக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, மாதம் இலட்ச ரூபாய் வருமானம் என்று படம் காட்டுவோர் பலர். 2012-இல் ஈரோட்டு மாவட்டத்துப் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகளில் பணம் கட்டி ஏமாந்தவர்களின் கதையை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குஞ்சை விற்பவரே தீவனத்தையும் விற்று, வளர்ந்ததைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் வாக்களித்தால், சந்தை எங்கே என்று கேட்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் தம் வயலின் கணக்கைக் காட்டுவாரா என்றும் கேட்க வேண்டும்.

கணக்கு என்றதும் வேறொன்று. வேளாண் பட்டதாரிகள் தொழில் தொடங்க 2002 முதல் மத்திய அரசாங்கத்தின் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. 'மேனேஜ்' நிறுவனத்தின் வழியே 45 நாள் இலவசப் பயிற்சி, பின்னர் வங்கிக் கடன், அக்கடனில் 36 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் 44 விழுக்காடு. ஆனால் வெறும் இரசாயனப் பட்டதாரிக்கு இதில் இடமில்லை. நான் விசாரித்துப் பார்த்துத் திரும்பிவிட்டேன். நம் சங்கத்து வேளாண் மாணவர்கள் அவசியம் கவனிக்க.

வரவு செலவு எழுதும் பயிற்சியை எவரும் தருவதில்லை. நாமே கற்க வேண்டும். விளைபொருள் விலையைப் பரிந்துரைக்க 1965-இல் ஏற்பட்ட ஆணையம் செலவைப் பல படியாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஒரு படி. அதனோடு வீட்டார் உழைப்பின் கூலியைச் சேர்த்தால் அடுத்த படி. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் முதலுக்கு வட்டியையும் சேர்த்தால் முழுப்படி. 2018 முதல் அரசாங்கம் ஆதரவு விலையை இரண்டாம் படியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் அறிவிப்பதாகக் கூறுகிறது. உழவர் சங்கங்கள் கேட்பது மூன்றாம் படியின் மீது. நானும் தாத்தாவும் ஓரிரவு உட்கார்ந்து எங்கள் கடலைக் கணக்கை இம்மூன்று படியிலும் போட்டுப் பார்த்தோம். முதற்படியில் நல்ல இலாபம். இரண்டாவதில் பாட்டியின் கூலியைச் சேர்த்தவுடன் பாதி போயிற்று. மூன்றாவதில் கையைக் கடித்தது. தாத்தா நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இத்தினி வருசமா ஒங்க பாட்டிக்கு நான் கடன்காரனா?" என்றார். பாட்டி உள்ளிருந்து, "இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றார்.

தாத்தாவுக்கு நான் இன்னும் முழு விடை சொல்லவில்லை. பட்டாவை அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். படிப்பு முடிந்தபின் ஓராண்டு மட்டும் அவரோடு இருந்து, அறுபது சென்டில் காய்கறியும் மீதியில் கடலையும் செய்வது, அவ்வாண்டின் கணக்கை மூன்று படியிலும் எழுதிப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறேன். பொறியியல் நண்பரும் நானும் அடுத்த மாதம் பர்கச்சா செல்வதாக இருக்கிறோம். உடன் வர விரும்புவோர் விடுதியில் என்னைச் சந்திக்கலாம்.

மார்கழிப் பட்டக் கடலையைத் தாத்தா விதைக்கப்போகிறார். நேற்றுப் பேசியபொழுது, "ஜிப்சம் வாங்கியாந்து திண்ணையில போட்டுட்டேன். நாப்பதாம் நாள் பிப்ரவரி மொத வாரம் வருது. லீவு கெடைக்குமா பாரு" என்றார். துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.